வடிவம் ஒன்று, வேலை பல: வீட்டுக் கணினியின் போர்ட்டுகள்

வீட்டுக் கணினியின் பின்புறத்திலும் பக்கங்களிலும் காணப்படும் துளைகள், பாடநூல்களில் துறைகள் என்றும் கடைகளில் போர்ட் என்றும் வழங்கப்படுபவை, அக்கணினி வெளியிலுள்ள சாதனங்களோடு தரவையும் மின்சாரத்தையும் கொடுத்து வாங்கும் இடங்களாகும். திரை, விசைப்பலகை, பிரிண்டர், இணைய ரவுட்டர், பென் ட்ரைவ், ஒலிபெருக்கி என எதுவாயினும் அதற்குரிய துளை எது என்பதை வடிவமே காட்டிவிடும் என்று முன்பு நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை அக்காலத்துக்குப் பொருத்தமாகவும் இருந்தது. இன்று அது பாதியளவே சரி. துளையின் வடிவம் ஒன்றாகவே இருக்க, அதன் உள்ளே ஓடும் தரவின் வேகமும் மின்வலுவும் கணினிக்குக் கணினி வேறுபடுகின்றன என்பதே இன்றைய நிலை.

இந்த மாற்றம் எவ்வளவு விரைவாக நிகழ்ந்தது என்பதை அறிய யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள மயிலிட்டியின் அண்மைக்கால வரலாறு எதிர்பாராத ஓர் அளவுகோலாக அமைகிறது. 1990 யூனில் போரினால் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்து, ஊரும் மீன்பிடித் துறைமுகமும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கியபோது, உலகச் சந்தையில் விற்பனையான கணினிகளில் இருந்தவை தொடர் போர்ட்டும் சமாந்தரப் போர்ட்டும், மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அறிமுகமாகியிருந்த வி.ஜி.ஏ. போர்ட்டும் போன்றவையே. 2017 யூலை 3 ஆம் திகதி துறைமுகமும் அதனை அண்டிய நிலமும் விடுவிக்கப்பட்டபோது, அவை புதிய கணினிகளிலிருந்து பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தன. இடைப்பட்ட 27 ஆண்டுகளுக்குள் யூ.எஸ்.பி. 1996 இலும், எச்.டி.எம்.ஐ. 2002 இலும், டிஸ்பிளேபோர்ட் 2006 இலும், யூ.எஸ்.பி.-சி 2014 இலும் தோன்றின. மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பற்றரிக்கும் தடை விதிக்கப்பட்டு, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்கப்பட்ட தொண்ணூறுகளின் குடாநாட்டில் இவற்றுள் எதுவும் எவருக்கும் பயன்பட்டிருக்க முடியாது. மீள்குடியேறிய வீடுகளில் பின்னர் வந்து சேர்ந்த கணினிகளோ ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை அல்ல. யாழ்ப்பாண நகரில் பாவித்த நிலையில் வாங்கிய மேசைக் கணினியும், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த மடிக்கணினியும், புதிதாக வாங்கிய தொலைக்காட்சியும் ஒரே மேசையைச் சுற்றிக் கூடும்போது, எதை எதனுடன் இணைப்பது என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது.

எந்த போர்ட்டையும் விளங்கிக்கொள்ள மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் வடிவம். மற்றொன்று சமிக்ஞை ஒழுங்கு, அதாவது எந்தக் கம்பியில் எப்போது எவ்வளவு மின்னழுத்தம் வந்தால் அதற்கு என்ன பொருள் என இரு சாதனங்களும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட விதி. இன்னொன்று, அந்த வழியாகக் கொடுக்கப்படும் மின்வலு. கடைகளில் கொன்வேட்டர் என்ற ஒரே பெயரில் விற்கப்படும் பொருள்களுள் சில வடிவத்தை மட்டும் மாற்றுகின்றன. வேறு சில, உள்ளே சிறிய சில்லு ஒன்றைக் கொண்டு, ஒரு சமிக்ஞை ஒழுங்கை இன்னொன்றாக மாற்றித் தருகின்றன. இந்த வேறுபாடு தெரியாததால்தான் வாங்கிய பொருள் வேலை செய்யவில்லை என்ற முறைப்பாடுகளுள் கணிசமானவை தோன்றுகின்றன.

பழைய போர்ட்டுகளுள் சமாந்தரப் போர்ட் என்பது எட்டுக் கம்பிகளில் எட்டு பிட்டுகளை ஒரே நேரத்தில் அனுப்பும் 25 துளைகளைக் கொண்ட அகன்ற போர்ட்டாகும். கார்பன் பிரதியுடன் பற்றுச்சீட்டு அடிக்கும் புள்ளி அச்சு இயந்திரங்கள் இதனையே பயன்படுத்தின. 1987 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.எஸ்./2 கணினியோடு வந்த வட்டமான சிறிய போர்ட்டுகள் இரண்டில் ஊதா நிறத்தது விசைப்பலகைக்கும் பச்சை நிறத்தது சுட்டிக்கும் உரியவை என்ற நிறவழக்கு பின்னர் நிலைபெற்றது. கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது இவற்றைக் கழற்றி மாட்டுவதற்கு வடிவமைப்பில் இடமில்லாததால், அவ்வாறு செய்வது தாய்ப்பலகையைப் பழுதாக்கக்கூடும் என்ற எச்சரிக்கை மட்டும் இன்னும் நினைவில் வைக்கத்தக்கது.

தொடர் போர்ட்டின் கதை வேறு. வீட்டுக் கணினியிலிருந்து அது நீங்கிவிட்டபோதிலும் கடலிலிருந்து நீங்கவில்லை. 1960 களில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 என்னும் தரத்தின்படி, ஒரு கம்பியில் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதே இதன் முறை. ஒன்பது ஊசிகளைக் கொண்ட, இரு பக்கமும் திருகாணி உள்ள, ஆங்கில டி எழுத்தின் வடிவிலான போர்ட் இதற்குரியது. படகுகளில் பொருத்தப்படும் ஜி.பி.எஸ்., எதிரொலி ஆழமானி போன்ற கருவிகள் ஒன்றோடொன்று தரவைப் பரிமாறும் என்.எம்.இ.ஏ. 0183 என்ற ஒழுங்கு இதன் நெருங்கிய உறவினம். செக்கனுக்கு 4,800 பிட் என்ற, இன்றைய கணக்கில் மிக மெதுவான வேகத்தில், கலத்தின் அகலக்கோடும் நெடுங்கோடும் நேரமும் சாதாரண எழுத்துகளாலான வரிகளாக அதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேகம் குறைவு என்பது இங்கே குறையன்று. ஓர் இடத்தைக் குறிப்பிடும் வரி சில பத்து எழுத்துகளுக்கு மேற்படுவதில்லை. மெதுவான சமிக்ஞை நீண்ட வயரிலும் இயந்திர அதிர்விலும் சிதையாமல் போய்ச் சேருகிறது.

2019 ஆகஸ்டில் முதற்கட்ட மீளமைப்பு நிறைவுற்றுத் திறக்கப்பட்ட மயிலிட்டித் துறைமுகத்தில் பல நாள் கலங்களும் நங்கூரமிடுகின்றன. இத்தகைய கலங்களிலுள்ள பழைய ஜி.பி.எஸ்.ஸில் சேமித்துவைத்த பார்களின், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டுகளின், இடக்குறிகளை வீட்டுக் கணினியில் பிரதி எடுத்து வைத்தால், கருவி பழுதானாலும் பல ஆண்டு அறிவு அழியாது. அதற்குத் தேவையானது யூ.எஸ்.பி.யைத் தொடர் போர்ட்டாக மாற்றும் வயர். இது வடிவத்தை மட்டும் மாற்றுவதன்று. உள்ளே சில்லு உண்டு, கணினியிலும் அச்சில்லுக்குரிய டிரைவர் மென்பொருள் இருக்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வயர்கள் சிலவற்றில் புரொலிஃபிக் நிறுவனத்தின் சில்லைப் போலி செய்த சில்லுகள் இருந்ததால், அந்நிறுவனம் புதிய டிரைவர்களில் அவற்றையும் தனது பழைய சில்லுகளையும் ஏற்காதபடி செய்தது. பழைய விண்டோஸில் வேலை செய்த வயர் புதிய விண்டோஸில் மறுப்பதற்கு இது ஒரு காரணம். வயரைச் செருகியதும் கணினி அதற்கு கொம் 3, கொம் 4 என்பது போன்ற ஓர் இலக்கத்தைக் கொடுக்கும் என்பதையும், மென்பொருளில் அந்த இலக்கத்தையும் 4,800 என்ற வேகத்தையும் சரியாகக் குறிப்பிடாவிட்டால் திரையில் பொருள்படும் எதுவும் தோன்றாது என்பதையும் அறிந்திருந்தால், வயர் பழுது என்று எண்ணி இன்னொன்று வாங்கும் செலவு மிச்சமாகும்.

இன்றும் காணப்படும் திரைக்குரிய போர்ட்டுகளில் மூத்தது 1987 இன் வி.ஜி.ஏ. மூன்று வரிசைகளில் 15 துளைகளைக் கொண்ட இந்த நீல நிற போர்ட், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் செறிவை மூன்று கம்பிகளில் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகவே அனுப்புகிறது. இவ்வாறு தொடர்ச்சியாக மாறும் சமிக்ஞை அனலொக் எனப்படும். வயர் நீண்டால், அல்லது மலிவானதாக இருந்தால், அந்த ஏற்ற இறக்கம் சிதைந்து எழுத்துகளின் ஓரம் மங்குகிறது, நிழல் விழுகிறது. ஒலி இதில் செல்லாது. 1999 இல் வந்த வெண்ணிற டி.வி.ஐ. போர்ட்டும் அதன் பின் வந்த எச்.டி.எம்.ஐ.யும் டிஸ்பிளேபோர்ட்டும் படத்தை எண்களாக, டிஜிட்டல் வடிவில் அனுப்புகின்றன. அவற்றில் வயர் மோசமானால் படம் மங்குவதில்லை, புள்ளிகள் மின்னி மறைகின்றன அல்லது திரை முழுவதும் இருண்டுவிடுகிறது.

எச்.டி.எம்.ஐ., சோனி, பிலிப்ஸ், தோஷிபா, பனசொனிக் முதலிய வீட்டு மின்னியல் நிறுவனங்களால் தொலைக்காட்சிக்கென உருவாக்கப்பட்டுப் பின் கணினிக்கு வந்தது. அதன் 19 முனைகள் படத்தையும் ஒலியையும் சேர்த்தே கொண்டுசெல்கின்றன. டிஸ்பிளேபோர்ட் கணினித் திரைக்கென்றே உருவானது. 20 முனைகள் கொண்ட அதன் ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டிருக்கும், செருகியதும் சிறிய கொளுக்கி பிடித்துக்கொள்ளும். அலுவலகங்களில் பாவித்துக் கழித்த மேசைக் கணினிகள் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. இராது, டிஸ்பிளேபோர்ட்டும் வி.ஜி.ஏ.வுமே இருக்கும் என்பதால், மலிவு விலைக்குக் கிடைத்தது என்று அத்தகைய கணினியை வாங்குவோர் இந்த போர்ட்டை அறிந்திருக்க வேண்டியுள்ளது.

கொன்வேட்டரின் திசை என்ற விடயம் இங்கேதான் முக்கியமாகிறது. பெரும்பாலான கணினிகளின் டிஸ்பிளேபோர்ட், தேவைப்படும்போது எச்.டி.எம்.ஐ. சமிக்ஞையையே வெளியிடக்கூடியது, எனவே கணினியில் டிஸ்பிளேபோர்ட்டும் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ.யும் இருந்தால் எளிய, விலை குறைந்த வயர் போதும். அதே வயரைத் திருப்பி, எச்.டி.எம்.ஐ. உள்ள கணினியிலிருந்து டிஸ்பிளேபோர்ட் மட்டும் உள்ள திரைக்குக் கொண்டுசென்றால் படம் வராது. அதற்குச் சில்லுடன் கூடிய, தனியே மின்சாரம் பெறும் கொன்வேட்டர் தேவை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் கருவியும் வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் கருவியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பினும், ஒன்றை மற்றதன் இடத்தில் பயன்படுத்த முடியாது. கடையில் கேட்கும்போது கணினிப் பக்கம் என்ன போர்ட், திரைப் பக்கம் என்ன போர்ட் என்று இரண்டையும் சொல்லிக் கேட்பதே வழி. டி.வி.ஐ.க்கும் எச்.டி.எம்.ஐ.க்கும் இடையில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டின் டிஜிட்டல் படச் சமிக்ஞையும் ஒன்றே என்பதால் வடிவத்தை மாற்றினாலே போதும், ஒலிக்கு மட்டும் வேறு வயர் வேண்டியிருக்கலாம்.

மேசைக் கணினியில் இன்னொரு குழப்பம் உண்டு. தனியான கிராபிக்ஸ் அட்டை பொருத்திய கணினியில் திரைக்குரிய போர்ட்டுகள் இரண்டு இடங்களில் காணப்படும்: யூ.எஸ்.பி. போர்ட்டுகளோடு ஒன்றாகத் தாய்ப்பலகையில் ஒரு தொகுதியும், சற்றுக் கீழே படுக்கையாக அட்டையில் ஒரு தொகுதியும். அட்டை இருக்கும்போது திரையை அதிலேயே இணைக்க வேண்டும். மேலே இணைத்துவிட்டுக் கணினி பழுது என்று திருத்துநரிடம் கொண்டுபோவது அரிதான செய்தியன்று.

போர்ட்டுகள் பெருகியிருந்த நிலைக்கு முடிவு கட்டும் நோக்கத்துடன், இன்டெல், மைக்ரோசொப்ட், ஐ.பி.எம்., கொம்பாக், என்.இ.சி., டி.இ.சி., நோர்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் சேர்ந்து 1996 சனவரியில் வெளியிட்ட தரமே யூ.எஸ்.பி. குஜராத்தின் வதோதராவில் கல்வி கற்றுப் பின் இன்டெலில் பணியாற்றிய அஜய் பட் இதன் உருவாக்கத்தில் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். விசைப்பலகை முதல் பிரிண்டர் வரை எல்லாம் ஒரே வடிவத் துளையில் செருகப்பட வேண்டும், செருகியதும் கணினி தானே அறிந்துகொள்ள வேண்டும், சிறிய சாதனங்களுக்கு மின்சாரமும் அதே வயரில் போக வேண்டும் என்ற மூன்று எண்ணங்களும் அன்று புதியவை. 1998 இல் அப்பிள் நிறுவனம் தனது ஐமேக் கணினியிலிருந்து பழைய போர்ட்டுகளை நீக்கி யூ.எஸ்.பி.யை மட்டும் வைத்த பின்னரே சாதன உற்பத்தியாளர்கள் இதனைப் பெருமளவில் ஏற்றனர்.

வழக்கமான நீள்சதுர யூ.எஸ்.பி. முனையை, ஏ வகை எனப்படுவதை, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தால் நான்கு பொன்னிறத் தகடுகள் தெரியும். அவற்றுள் ஓரத்திலுள்ள இரண்டும் நடுவிலுள்ள இரண்டைவிடச் சற்று நீளமானவை. ஓரத்தவை மின்சாரத்துக்கும் நடுவிலுள்ளவை தரவுக்கும் உரியவை. செருகும்போது மின்சாரம் முதலில் தொடர்புபட்டுச் சாதனம் விழித்துக்கொண்ட பின்னரே தரவுக் கம்பிகள் தொடுகின்றன, கழற்றும்போது தரவு முதலில் பிரிகிறது. இயங்கும் கணினியில் பயமின்றிக் கழற்றி மாட்ட முடிவது அரை விரல் அகலத்துக்குள் அமைந்த இந்தச் சிறிய நீள வேறுபாட்டினாலும்தான். எப்பக்கம் மேலே என்று தெரியாமல் இரண்டு மூன்று தடவை திருப்பித் திருப்பிச் செருக வேண்டியிருப்பது மட்டும் அதன் தீராத குறை. இருபக்கமும் பொருந்தும்படி செய்திருந்தால் கம்பிகளும் செலவும் இரட்டித்திருக்கும் என்பதே அன்று கூறப்பட்ட நியாயம்.

முதல் யூ.எஸ்.பி.யின் உச்ச வேகம் செக்கனுக்கு 12 மெகாபிட். 2000 ஏப்ரலில் வந்த 2.0 அதனை 480 மெகாபிட்டாகவும், 2008 நவம்பரில் வந்த 3.0 அதனை 5 கிகாபிட்டாகவும் உயர்த்தின. 3.0 இன் ஏ வகை போர்ட்டில் பழைய நான்கு தகடுகளுக்குப் பின்னால் மேலும் ஐந்து உண்டு. அதன் உட்புறப் பிளாஸ்டிக் பெரும்பாலும் நீல நிறத்தது, அல்லது அருகில் இரட்டை எஸ் அடையாளம் இருக்கும். நிறம் கட்டாயமன்று என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. வேறுபாடு நடைமுறையில் எவ்வாறு தெரியும் என்பதற்குத் திருமண வீடியோ நல்ல உதாரணம். 60 கிகாபைட் அளவுள்ள வீடியோவை வெளி வன்தட்டு ஒன்றுக்கு மாற்ற 2.0 போர்ட்டில் ஏறத்தாழ அரை மணி நேரம் செல்லும். அதே வன்தட்டை 3.0 போர்ட்டில் செருகினால் பத்து நிமிடமளவில் முடியும். வேகம் இதற்கு மேல் கூடாததற்குக் காரணம் போர்ட் அன்று, உள்ளே சுழலும் தட்டு. இந்தத் தரத்துக்குப் பெயரிட்டோரின் போக்கு வியப்பளிப்பது: 2008 இல் யூ.எஸ்.பி. 3.0 எனப்பட்டது பின்னர் 3.1 ஜென் 1 ஆகி, அதன் பின்னர் 3.2 ஜென் 1 ஆயிற்று. பெயர் மாறினாலும் வேகம் அதே 5 கிகாபிட். விளம்பரத்தில் 3.2 என்று கண்டு புதியது என எண்ணி வாங்குவோர் ஏமாறுவதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மின்வலுவைப் பொறுத்தவரை, 2.0 போர்ட் 5 வோல்ட்டில் அரை அம்பியரும் 3.0 போர்ட் 0.9 அம்பியரும் தரக் கடமைப்பட்டவை. வெளி வன்தட்டு கிளிக் கிளிக் என்று ஒலித்துத் தொடங்காமல் நிற்பது, பல வேளைகளில் தட்டின் பழுதன்று. மேசைக் கணினியின் முன்பக்க போர்ட்டுக்குச் செல்லும் உள்வயரிலோ, பலவற்றை ஒன்றாக இணைக்கும் ஹப்பிலோ மின்சாரம் போதாமையே. பின்புற போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பார்த்தால் உண்மை தெரியும். 3.0 போர்ட் இயங்கும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்பதை இன்டெல் 2012 இல் வெளியிட்ட ஆய்வறிக்கை காட்டியது. வயரில்லாச் சுட்டியின் சிறிய ரிசீவரை அதன் அருகில் செருகியிருந்தால் சுட்டி தடுமாறும். அதை ஒரு குறுகிய நீட்டிப்பு வயரில் தள்ளி வைத்தால் தடுமாற்றம் நிற்கிறது.

2014 இல் வந்த யூ.எஸ்.பி.-சி, நீள்வட்டமான, எப்பக்கம் திருப்பினாலும் செருகக்கூடிய, 24 முனைகள் கொண்ட சிறிய போர்ட். ஐரோப்பிய ஒன்றியம் கைத்தொலைபேசிகளுக்கு 2024 திசெம்பர் 28 முதலும் மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் இதனைச் சார்ஜ் செய்யும் பொது வழியாகக் கட்டாயமாக்கியதால், ஐரோப்பாவிலிருந்து வரும் சாதனங்களில் இனி இதுவே நிலையாகும். ஆனால் வடிவம் ஒன்றுபட்ட இவ்விடத்தில்தான் உள்ளடக்கம் மிகவும் சிதறிப்போனது. ஒரு யூ.எஸ்.பி.-சி போர்ட் 480 மெகாபிட் மட்டும் தரலாம், 40 கிகாபிட்டும் தரலாம். திரைக்குப் படம் அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம். மடிக்கணினியைச் சார்ஜ் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். 2023 செப்டெம்பரில் ஒரே நாளில் அறிமுகமான ஐபோன் 15 உம் ஐபோன் 15 புரோவும் இதற்குச் சான்று: இரண்டின் அடியிலும் ஒரே துளை, முன்னதில் 480 மெகாபிட், பின்னதில் 10 கிகாபிட்.

எனவே யூ.எஸ்.பி.-சியில் பார்க்க வேண்டியது துளையை அன்று, அதன் அருகிலுள்ள சின்னத்தை. மின்னல் கீற்றுப் போன்ற அம்பு தண்டர்போல்ட் என்ற அதிவேக வகையைக் குறிக்கிறது. அதில் படம், தரவு, மின்சாரம் மூன்றும் செல்லும். டி, பி எழுத்துகள் பிணைந்த சின்னம் திரையை இணைக்கலாம் என்பதற்கு அடையாளம். பற்றரிச் சின்னம் அல்லது மின்செருகிச் சின்னம் மின்வலுவைக் குறிக்கிறது. சின்னம் எதுவும் இல்லாவிடின் கணினியின் மாடல் பெயரைக் கொண்டு தயாரிப்பாளரின் விபரத்தாளைப் பார்ப்பதுதான் வழி. திரைக்கென ஒரு யூ.எஸ்.பி.-சி ஹப்பை வாங்கி வந்து, கணினியின் போர்ட்டில் படம் அனுப்பும் வசதியே இல்லை என்று பின்னர் அறிவது வீண் செலவு.

சார்ஜ் செய்யும் முறையும் விளக்கத்துக்குரியது. சார்ஜர் முதலில் 5 வோல்ட்டை மட்டுமே கொடுத்து, தனியான ஒரு கம்பி வழியாகச் சாதனத்தோடு தரவு பரிமாறி, அதன் தேவையை அறிந்த பின்னரே 9, 15, 20 வோல்ட் என உயர்த்துகிறது. ஆகவே மடிக்கணினியின் 65 வாட் சார்ஜரைக் கைத்தொலைபேசியில் செருகினால் தொலைபேசி எரிந்துவிடும் என்ற அச்சம், தரமான சார்ஜரைப் பொறுத்தவரை ஆதாரமற்றது. மறுபக்கம், வயருக்கும் வரம்பு உண்டு. சாதாரண வயர் 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல், 100 அல்லது 240 வாட் கொண்டுசெல்ல, தன் தகுதியைச் சார்ஜருக்குத் தெரிவிக்கும் சிறு சில்லு வயரின் முனையிலேயே இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் செய்யும் மலிவு வயர்களில் தரவுக் கம்பிகளே இல்லாதிருப்பதும் உண்டு. தொலைபேசியைக் கணினியில் இணைத்தும் படங்கள் தெரியாதபோது முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது வயரைத்தான்.

ஒலி போர்ட்டுகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பச்சை ஒலிபெருக்கிக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு. மடிக்கணினியில் இரண்டும் ஒரே துளையில் சேர்ந்திருக்கும்.

இணைய வயருக்குரிய ஈதர்நெற் போர்ட் தொலைபேசிப் போர்ட்டைப் போன்று தோன்றினும் அகலமானது. எட்டு முனைகள் கொண்டது. இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடிக் கம்பிகளின் வழியே 100 மீற்றர் வரை தரவு சிதையாமல் செல்லும். முறுக்கியிருப்பதன் காரணம், வெளி இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாக ஏறி ஒன்றையொன்று நீக்கிவிடுவதாகும். நான்கு சோடிகளில் ஒன்று அறுந்தால், அது எந்தச் சோடி என்பதைப் பொறுத்து, இணைப்பு அறாமலே ஆயிரம் மெகாபிட் வேகம் நூறாகக் குறையலாம்; இணையம் திடீரென மெதுவாவதற்கு இவ்வாறான காரணமும் இருக்கலாம். தொலைபேசி வயரின் சிறிய முனை இந்த போர்ட்டுக்குள் நுழைந்துவிடும் என்பதால் பிள்ளைகள் அவ்வாறு செருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரத்து முனைகள் வளைந்துவிடும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடிமழையில், செப்புத் தொலைபேசிக் கம்பி வழியே வரும் மின்னதிர்ச்சி ரவுட்டரைக் கடந்து இந்த போர்ட் வழியாகக் கணினிக்குள் புகக்கூடும். ஒளியிழை இணைப்பில் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாததால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஆயினும் மின்செருகி வழியே வரும் ஆபத்து அப்படியே இருக்கிறது. இடி கேட்கத் தொடங்கும்போது மின்செருகியோடு ஈதர்நெற் வயரையும் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.

வெளிநாட்டிலிருந்து வரும் கணினிகளில் முதலில் பார்க்க வேண்டிய போர்ட், பலரும் போர்ட் என்றே கருதாத மின்சார உள்வாய்தான். இலங்கையின் மின்வழங்கல் 230 வோல்ட். கனடாவில் 120 வோல்ட். மடிக்கணினிச் சார்ஜர்களில் 100-240 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருப்பதால் அவற்றுக்குச் சிக்கல் இல்லை. பழைய மேசைக் கணினிகளின் மின்வழங்கிப் பெட்டியில், வயர் செருகும் இடத்துக்கு அருகே 115, 230 என்று குறிக்கப்பட்ட சிறிய சிவப்பு ஆளி இருக்கக்கூடும். அது 115 இல் இருக்கும்போதே இங்குள்ள மின்சாரத்தில் செருகினால் பெட்டி வெடித்த சத்தத்தோடு செத்துவிடும். தட்டை முனைகள் கொண்ட கனேடிய வயருக்கு மேல் மலிவு அடப்டர் போடுவதைவிட, அந்த வயரையே மாற்றுவது நல்லது. பெட்டிப் பக்கத்து முனை உலகெங்கும் ஒன்றே என்பதால், இலங்கை 2016 இல் ஒரே தரமாகத் தெரிவுசெய்த 13 அம்பியர் சதுரமுனைச் செருகியுடன் கூடிய வயரைக் கடையில் எளிதில் வாங்கலாம். லண்டனிலிருந்து வந்ததாயின் மாற்றமே தேவையில்லை. அங்குள்ள செருகியும் அதுவே. ஜேர்மன் செருகியின் உருண்டை முனைகளை, நில இணைப்புத் துளைக்குள் பேனாவைக் குத்தித் திறந்து செருகும் பழக்கம் நிலக்கம்பியின் பாதுகாப்பை இல்லாமற் செய்கிறது. மடிக்கணினியின் உலோக மூடியைத் தொடும்போது விரலில் ஏற்படும் மெல்லிய கூச்சம் பெரும்பாலும் இந்த நிலக்கம்பி இல்லாமையின் விளைவே.

இவை யாவும் எந்த ஊருக்கும் பொருந்துவன. மயிலிட்டி போன்ற கரையோர ஊருக்கு மட்டும் உரிய பகை ஒன்று உண்டு: உப்புக் காற்று. அலை உடையும் இடத்தில் எழும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் தூளாக வீடுகளுக்குள் வந்து படிகின்றன. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது அந்த உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைசலாக மாறுகிறது; பாக்கு நீரிணையை நோக்கிய கரையில் இரவிலும் விடியலிலும் இது வழக்கமான நிலை. போர்ட்டின் முனைகள் செப்புக் கலவையால் ஆனவை. அதன் மேல் நிக்கலும், அதன் மேல் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாத பொன்பூச்சும் இடப்பட்டிருக்கும். பொன் கறள் பிடிக்காது. ஆனால் மலிவு வயர்களில் பூச்சு மிக மெல்லியது. அடிக்கடி செருகிக் கழற்றும்போது தேய்ந்து நுண்துளைகள் விழ, உப்புக் கரைசல் அவற்றினூடே செம்பை அடைந்து பச்சைக் களிம்பாக வெளியே தள்ளுகிறது. போர்ட்டைச் சுற்றியுள்ள உருக்குக் கூடு கறள் பிடிக்கிறது.

மின்சாரம் நின்றுகொண்டிருக்கும் முனையில் இந்த அரிப்பு பன்மடங்கு விரைகிறது. யூ.எஸ்.பி.-சியில் முனைகளுக்கிடையிலான தூரம் அரை மில்லிமீற்றர் மட்டுமே. 20 வோல்ட் வரை ஏறக்கூடிய முனைக்கு மிக அருகில், அந்த அளவு மின்னழுத்தத்துக்கு அமைக்கப்படாத தரவு முனை இருக்கிறது. ஈரமான போர்ட்டில் சார்ஜரைச் செருகுவதால் சார்ஜ் கட்டுப்பாட்டுச் சில்லு கருகுவது இதனாலேயே. புதிய தொலைபேசிகள் ஈரத்தை உணர்ந்து எச்சரிக்கும். மடிக்கணினிகள் பெரும்பாலும் எச்சரிப்பதில்லை.

தடுக்கும் வழிகள் எளியவை. பாவிக்காத போர்ட்டுகளுக்கு இறப்பர் மூடி போடலாம். சார்ஜ் முடிந்ததும் வயரைக் கழற்றி வைக்கலாம். கணினியை மாதக்கணக்கில் மூடி வைப்பதைவிட அவ்வப்போது இயக்குவது நல்லது. உள்ளே எழும் வெப்பம் ஈரத்தைத் துரத்துகிறது. அடிக்கடி பென் ட்ரைவ் செருகும் வீட்டில், போர்ட்டில் ஒரு குறுகிய நீட்டிப்பு வயரை நிரந்தரமாக விட்டு, தேய்வும் களிம்பும் அந்த வயருக்கே போகுமாறு செய்யலாம். ஏ வகை யூ.எஸ்.பி. 1,500 தடவை செருகுவதற்கென வரையறுக்கப்பட்டது, சி வகை 10,000 தடவைக்கு. களிம்பு பிடித்துவிட்டால், மின்சாரத்தை முற்றாகத் துண்டித்து, ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்த மென்மையான தூரிகையால் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும். குண்டூசியும் சட்டைப்பின்னும் கூடாது. நூல் தூசியை எடுக்க மரத்தாலான பற்குச்சி போதும்.

இவற்றுக்கும் அசையாத களிம்பென்றால் போர்ட்டையே மாற்ற வேண்டும். மேசைக் கணினியில் உட்செருகும் யூ.எஸ்.பி. அட்டை ஒன்றைப் பூட்டினால் புதிய போர்ட்டுகள் கிடைத்துவிடும். மடிக்கணினிகளுள் சிலவற்றில் சார்ஜ் போர்ட் தனியான சிறு பலகையில் அமைந்திருப்பதால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். வேறு சிலவற்றில் அது தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு, 24 முனைகளையும் வெப்பக் காற்றால் இளக்கி எடுக்கும் திறனுள்ள திருத்துநர் தேவைப்படுகிறார். கரையோர வீட்டுக்கு மடிக்கணினி வாங்குவோர் நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று கேட்பதோடு, சார்ஜ் போர்ட் எந்தப் பலகையில் இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்வது பயன் தரும்.